அந்த அறையில் எங்களைத் தவிர அத்தனை பேரும் ஒரே கூட்டு

அந்த அறையில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தோம். அண்ணன், நான், எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர், ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி, வக்கீல் என்று அறிமுகமானவர், வரவேற்பு மேசையில் ஒரு பெண், எங்களைப் போலவே தொழில் கடனுக்காக வந்து உட்கார்ந்திருந்த இன்னொரு முதலாளி. எங்கள் இருவரைத் தவிர மற்ற ஐந்து பேரும் ஒரே கும்பல் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

யாராவது பணத்தை இழந்துவிட்டு நின்றால், எடுத்த எடுப்பில் "பேராசை" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். என் அண்ணன் பேராசைக்காரர் இல்லை. பதினெட்டு வருடமாக இயந்திர உதிரிபாகப் பட்டறை நடத்துகிறார். ஒரு ஆணிக்குக்கூட ரசீது கேட்டு வாங்கி வந்து என்னிடம் கொடுப்பார். பட்டறைக் கணக்கு முழுக்க என் கையில். இப்படிப்பட்ட இரண்டு பேரை அந்த நாற்காலி வரைக்கும் எப்படிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன். எங்கள் வீட்டில் இதைப் பேச எட்டு மாதம் ஆனது.

முதலில் வந்தவர் கடன் பேச்சே எடுக்கவில்லை. சரக்கு வாங்க வந்தார். சின்ன ஆர்டர் ஒன்று கொடுத்தார், சொன்ன தேதியில் பணம் போட்டார். அடுத்தது கொஞ்சம் பெரிசு, அதற்கும் பணம் டாண் என்று வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது பட்டறைப் பையன்களின் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு புது மெஷின் போட வேண்டும், வங்கியில் கடன் மனு திரும்பிவிட்டது என்பதை அண்ணன் அவரிடம் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

நாலாவது தடவை அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வாசல் பக்கம் போய்ப் பேசினார். பேசியது உள்ளே கேட்கிற தூரம்தான். "கிளியர் ஆயிடுச்சா? எத்தனை நாள்ல? பரவாயில்லையே, பத்து நாள்தானா!" அவ்வளவுதான். திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன்தான் கேட்டார், "என்ன விஷயம் தம்பி?" என்று. "அது பெரிய பார்ட்டிங்க சமாச்சாரம்ணே, உங்களுக்கு ஒத்து வராது, விடுங்க" என்றார். அடுத்த வாரம் அண்ணன் மறுபடி கேட்டார். மறுபடியும் தட்டிக் கழித்தார். மூன்றாவது தடவை கேட்டபோது, பெரிய மனது பண்ணுகிற மாதிரி, "சரி, ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மோசடிக்காரன் வீடு தேடி வந்து கெஞ்சுவான், அப்போது உஷாராகிவிடலாம் என்று நாம் காத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது நாங்கள். கேட்டு வாங்கிய பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆள் பிடிக்கிறவரின் வேலையே நம்மைக் கேட்க வைப்பது. அதற்காக அவர் மூன்று மாதம் செலவு பண்ணினார், நேர்மையாகச் சரக்குக்குக் காசும் கொடுத்தார். அந்தக் காசு அவர்களுக்கு முதலீடு.

அடுத்து அவர் சொன்ன பைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். புது வாடிக்கையாளர் என்பதால் சின்னத் தொகை ஒன்றைப் பத்து நாள் அவர்களிடம் போட்டு வைக்க வேண்டும், வட்டியோடு திரும்பி வரும், கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்பதாம் நாளே வட்டியோடு வந்தது. கணக்குப் புத்தகத்தில் நானே என் கையால் வரவு வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. 1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார், பின்னால் வந்தவர்கள் போட்ட பணத்திலிருந்து. தபால்தலைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதுதான் தன் தொழில் என்றார். பணம் திரும்பி வந்ததே, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கிளாரன்ஸ் பாரன் என்ற நிதிப் பத்திரிகையாளர் போன்சி கொடுத்த பணத்தைப் பார்க்கவில்லை, கூப்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் திரட்டிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் சுற்றில் இருக்க வேண்டும். உண்மையில் இருந்ததோ சுமார் 27,000.

நானும் கணக்கு பார்க்கிறவள். வந்த பணத்தை எண்ணினேனே தவிர, பத்து நாளில் அவ்வளவு வட்டி கொடுக்கிற நிறுவனம் எங்களுக்கு மட்டும் எப்படி வங்கியைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே மொத்தமும் உதிர்ந்திருக்கும்.

பிறகு "ஆவணச் செலவு" என்று இரண்டு தவணையாக வாங்கினார்கள். பட்டறையின் இரண்டு மாதச் சம்பளச் செலவு அளவுக்கு இருக்கும். அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

நல்ல கட்டடம். கண்ணாடிக் கதவு, வாசலில் பெயர்ப் பலகை, உள்ளே ஏசி. வரவேற்பு மேசையில் இருந்த பெண் பார்வையாளர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள். பேனாவை வாங்கியதும் என் கண் மேல் வரிகளுக்குப் போனது. வவுச்சரும் கைப்பதிவும் பார்த்தே நாளைக் கழிக்கிறவளுக்கு அது தானாக நடக்கும். அந்தப் பக்கத்தில் பதினான்கு பேர் வந்து போயிருந்தார்கள். பெயர் வேறு, கையெழுத்தும் வேறு வேறு. ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று நிமிர்ந்திருந்தது. ஆனால் 7 என்ற எண் வந்த இடத்திலெல்லாம் அதன் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. எல்லோருடைய போன் எண்ணிலும், எல்லோருடைய நேரத்திலும் அதே கோடு. இன்னொன்றும் பார்த்தேன். "வெளியேறிய நேரம்" என்ற கட்டம் பதினான்கு பேருக்கும் நிரம்பியிருந்தது. பதிவேடு வைத்திருக்கிற எந்த இடத்திலும் பாதிப்பேர் போகும்போது அதை நிரப்பாமல்தான் போவார்கள்.

பார்த்தேன். என்ன செய்தேன்? "அந்தப் பெண்ணே எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பாள் போல" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவள் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவளுக்காக நானே ஒன்றைத் தயார் செய்து கொடுத்தேன். இதுபோல ஏதாவது கண்ணில் பட்டு, மனசு உடனே அதற்கு ஒரு காரணத்தை எடுத்து நீட்டினால், காரணத்தை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். "7-ல் கோடு, எல்லாருக்கும்" என்று எழுதி வைத்திருந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் இன்னொரு முதலாளி உட்கார்ந்திருந்தார். ரொம்பக் கறாரான மனிதராகத் தெரிந்தார்.

"சார், முன்பணம் கேக்கிற எந்தக் கம்பெனியையும் நம்பக் கூடாதுன்னு என் ஆடிட்டர் சொல்றாரு" என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி ஃபைலைப் பட்டென்று மூடினார். "அப்ப உங்க ஆடிட்டர்கிட்டயே கடன் வாங்கிக்குங்க. அடுத்தவங்களை வரச் சொல்லும்மா."

வக்கீல் குறுக்கே வந்து சமாதானம் பண்ணினார். முன்பணம் இல்லை சார், காப்பீட்டுப் பிரீமியம், கடன் தொகையில் மூன்று சதவீதம், கம்பெனிக்குப் போகாது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும், கடன் வராவிட்டால் திரும்ப வரும் என்று விளக்கினார். அந்த முதலாளி விடவில்லை. ஏன் கடனிலேயே கழித்துக்கொள்ளக் கூடாது? ஏன் இன்றைக்கே கட்ட வேண்டும்? ஏற்கெனவே வாங்கியவர் யாரிடமாவது பேச முடியுமா? நான் நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு என் நோட்டில் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி அதையே கேட்டால் காது கேட்காதவள் மாதிரி இருக்கும்.

நான் பார்த்ததிலேயே அந்த நாடகத்தின் உயிர் அந்த மனிதர்தான். பில்டப் கொடுக்க ஆள் வைப்பார்கள் என்று தெரியும். நம் சார்பில் சந்தேகப்படவும் ஆள் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

2024-ல் ஹாங்காங்கில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. ஒரு பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்படவே செய்தார். பிறகு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். தலைமை நிதி அதிகாரி இருந்தார், தெரிந்த முகங்கள் இருந்தன. சந்தேகம் போய்விட்டது. 15 தடவையாகச் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லாமே கணினியில் உருவாக்கிய போலி உருவங்கள். எங்களுக்கு ஐந்து ஆட்களும் ஒரு வாடகை அறையும் தேவைப்பட்டது, அவருக்குத் திரையே போதுமாக இருந்தது. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். அவர்கள் அமைத்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு எதைச் சரிபார்த்தாலும் அது சரியாகவே இருக்கும்.

எங்கள் முறை வந்தது. வக்கீல் வருமானக் கணக்கைப் பார்த்துவிட்டு, "டர்ன்ஓவர் கொஞ்சம் கம்மியா இருக்கு. ஒரு நாற்பது சதவீதம் கூட்டி ஒரு ஸ்டேட்மென்ட் போட்டுக்குவோம். எல்லாரும் செய்றதுதான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் கடனுக்காகப் போட்டது என்று நினைத்தோம். எங்கள் வாய்க்குப் போட்ட பூட்டு அது.

1925-ல் பாரிஸில் விக்டர் லஸ்டிக் என்பவர் அரசு அதிகாரி வேஷத்தில் ஈஃபிள் கோபுரத்தைப் பழைய இரும்புக்கு விற்றது பிரபலமான கதை. வாங்க வந்த இரும்பு வியாபாரிக்குச் சந்தேகம் தட்டியபோது லஸ்டிக் அவரிடம் லஞ்சம் கேட்டார் என்று சொல்வார்கள். லஞ்சம் கேட்கிறான் என்றால் நிஜ அதிகாரிதான் என்று அவர் நம்பிவிட்டாராம். ஏமாந்தது தெரிந்த பிறகும் வெட்கத்தில் போலீஸுக்குப் போகவில்லை என்பார்கள். ஒரு தப்பான காரியத்தில் சின்னதாக நம் கையையும் நனைய வைத்துவிட்டால் அப்புறம் நாமே அவர்களுக்குக் காவல். நேர்மையான வேலை என்று சொல்லிக்கொண்டு நடுவில் யாராவது "இதை மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுக்கலாம்" என்றால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மிச்சத்தைக் கேட்கவே தேவையில்லை.

பிரீமியத்தை நாலு மணிக்குள் கட்ட வேண்டும் என்றார்கள். அண்ணன் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணத்தை ஏற்கெனவே புரட்டி வைத்திருந்தார். பட்டறைக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அப்பா இருந்த காலத்தில் வங்கியில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். அண்ணனும் நானும்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் புரிந்துவிடவில்லை. வீட்டுப் பத்திரம் என்ற பயம்தான். "நாளைக்குக் காலையில அனுப்புறேன்" என்றேன்.

அறையில் ஒரு அசைவு ஏற்பட்டது. அதிகாரி கோபப்பட்டார், அது சரி. கூட்டி வந்தவர் அண்ணனை முறைத்தார், அதுவும் சரி. வரவேற்பு மேசைப் பெண் கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அந்த முதலாளி, அரை மணி நேரத்துக்கு முன்னால் வரை யாரென்றே தெரியாதவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க, நல்ல வாய்ப்பை விட்றாதீங்க" என்றார் அண்ணனிடம். குரலில் ஒரு பதற்றம்.

நாங்கள் கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன, அவருக்கு என்ன வந்தது?

அந்த ஒரு கேள்விதான் எனக்குள் விழுந்தது. 7-ன் கோடும் அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. நான் எழுந்துவிட்டேன். படிக்கட்டில் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?"

1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்று ஒருவர் தெருவில் முன்பின் தெரியாதவர்களிடம் நன்றாகப் பேச்சுக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில், "நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைக்கிற அளவுக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்பார். சிலர் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இந்த வகை ஏமாற்றுக்காரனுக்கு "நம்பிக்கை மனிதன்" என்று பெயர் வந்தது அவர் கைதானபோதுதான். தாம்சன் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்க அந்தக் கும்பல் ஒருவரும் வரவேண்டியிருக்கவில்லை. என் அண்ணனே கேட்டார். பணத்தைப் பற்றிய கேள்வி உறவைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. "உங்க மேல இருக்குண்ணே. அவங்களை எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். வீடு வரைக்கும் அவர் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்தது மூன்றே காரியம். முன்பே செய்திருக்க வேண்டியவை. பணம் அனுப்பச் சொன்ன கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். கடன் கொடுக்கிற நிறுவனத்தின் பெயரும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் இல்லை, ஏதோ ஒரு டிரேடர்ஸ். அடுத்து, கடன் கொடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்டிருக்கிறதே, அதில் தேடினேன். பெயர் இருந்தது! ஒரு நொடி எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் பட்டியலில் இருந்த போன் எண்ணும் எங்களிடம் இருந்த விசிட்டிங் கார்டு எண்ணும் வேறு. பட்டியலில் இருந்த எண்ணுக்குப் போட்டேன். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு அலுவலகமே இல்லை என்றார்கள். நிஜக் கம்பெனியின் பெயரை இவர்கள் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்கு நான் ஒரு மாதம் முன்பே போன் பண்ணி விசாரித்திருந்தேன். அருமையாகப் பதில் சொன்னார்கள். அது விசாரணையே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இதில் நம்மைவிடப் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1925-ல் போர்ச்சுகல் நாட்டை உலுக்கிய நோட்டு மோசடியில், ஆல்வஸ் ரெய்ஸ் என்பவரின் கும்பல் லண்டனில் பெயர்பெற்ற அச்சகம் ஒன்றைக் கொண்டு 500 எஸ்கூடோ நோட்டுகளை அச்சடிக்க வைத்தது. நோட்டு அசல் மாதிரியே இருந்தது, அசலை அச்சடித்த இடத்திலேயே அச்சடித்ததால். போர்ச்சுகல் வங்கியின் ஒப்புதல் என்று அச்சகத்துக்கு வந்த கடிதங்கள் கும்பலின் கைவழியாக வந்த போலிகள். ஒரே வரிசை எண்ணில் இரண்டு நோட்டுகள் கிடைத்தபோது, டிசம்பரில், குட்டு உடைந்தது.

எண்ணை அவர்கள் கொடுத்தால் நீங்கள் பேசுவது அவர்களிடம்தான். எண்ணை நீங்களே வேறு இடத்தில் தேடி எடுக்க வேண்டும்.

இங்கே எங்கள் பக்கம் ஒரு தப்பு நடந்தது. நான் கண்டுபிடித்ததைச் சொன்னதும், அண்ணன் அன்றிரவே முதலில் சரக்கு வாங்க வந்தவருக்குப் போன் போட்டு, "கணக்கு வேற பேர்ல இருக்கே?" என்று கேட்டுவிட்டார். அவர் ஏதாவது நல்ல பதில் சொல்லிவிட மாட்டாரா என்ற தவிப்பு. காலையில் போனபோது கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது, ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். மூன்று நாள் வாடகைக்கு எடுத்தார்களாம். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் டேப் ஒட்டிய தடம் நாலு மூலையிலும். பதிவேட்டை மட்டும் மேசையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் அதைப் புரட்டினார். அந்த ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது, முன்னும் பின்னும் வெள்ளைத் தாள். முதலில் போலீஸுக்குச் சொல்லியிருந்தால் ஆட்களே கிடைத்திருக்கலாம். சந்தேகம் உறுதியானால் எதிராளியிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த "கறார்" முதலாளி அண்ணனுக்குப் போன் பண்ணினார். நானும் ஏமாந்துட்டேன் அண்ணே, மொத்தமும் போச்சு என்று அழுதார். அழுதுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போலீஸுக்குப் போலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த டர்ன்ஓவர் பேப்பர்ல நம்ம கையெழுத்து இருக்கே. நம்ம மேலயே திரும்பிடும்ணே." அண்ணன் நம்பினார். எட்டு நாள் வாயே திறக்கவில்லை. நான் எவ்வளவு சொன்னாலும், "அவரும் பாதிக்கப்பட்டவர்தானே" என்றார். பணத்தைக் கறந்த பிறகு ஆறுதல் சொல்லி அடக்கி வைக்கவும் ஒரு ஆள் வேலை பார்க்கிறார் என்பதை அவர் மனசு ஏற்கவில்லை.

கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு நிஜ வக்கீலிடம் கூட்டிப்போனேன். அந்தத் தாளையும் மறைக்காமல் புகாரிலேயே எழுதுங்கள் என்றார். எழுதினோம். ஆவணச் செலவு என்று போன பணம் இன்றுவரை வரவில்லை. எட்டு நாள் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று வங்கியில் சொன்னார்கள். அனுப்பிய சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் போய்ச் சேர்ந்த கணக்கில் முடக்கிப் பார்த்திருக்கலாம், இப்போது அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது என்றார்கள். ஆகவே யாருக்காவது இப்படி நடந்தால் அழுவதற்கு முன்னால் வங்கிக்குப் போன் பண்ணுங்கள், அடுத்ததாகக் காவல்துறைக்கு. வெட்கத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அண்ணன் பாதியை அழித்திருந்தார். நடந்ததை அன்றிரவே தேதி, நேரம் போட்டு எழுதி வைத்துவிடுங்கள், ஒரு வாரம் போனால் யார் எதைச் சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும்.

ஒரு மாதம் கழித்து வேறொருவர் பேசினார். உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம் என்றார். எங்கள் தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொன்னார். ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறும் என்பது அப்போது தெரிந்தது. அண்ணனே போனை வைத்துவிட்டார்.

எனக்கு உறுத்துவது பணம் இல்லை. அந்த நாட்களில் ஒருமுறை கோபத்தில், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்டுவிட்டேன். நான் அப்போதே சொல்லவும் இல்லை, பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள்தான். அதற்குப் பிறகு அண்ணன் பட்டறைக்கு வருவார், வேலையைப் பார்ப்பார், போய்விடுவார். அண்ணி என்னிடம் வந்து, "அவரு ராத்திரி தூங்குறதே இல்லம்மா" என்றார்கள். ஏமாந்தவரிடம் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் அவர் நம்மிடம் வரமாட்டார், அவர்களிடமே போய்க் கேட்பார்.

இப்போது பட்டறையில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். ஆட்களைச் சந்தித்துப் பேசுகிறவர் ஒருவர், பணத்தை அனுப்புகிறவர் இன்னொருவர். அனுப்புகிறவர் அந்த ஆட்களைப் பார்க்கவே கூடாது. அவர் கண்ணுக்குத் தெரிவது தாளும் கணக்கு எண்ணும் மட்டும்தான், சிரித்த முகமும் ஏசி அறையும் தெரியாது. "இன்றைக்கே" என்று யார் சொன்னாலும் ஒரு ராத்திரி தள்ளிப் போடுவோம். நிஜமான வியாபாரம் ஒரு ராத்திரியில் கெட்டுப்போனதை நான் இதுவரை பார்த்ததில்லை.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் பட்டறையின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வேறொரு ஊரிலிருந்து ஒரு அச்சகக்காரர். "உங்க பட்டறைக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி மூலமா பெரிய கடன் கிடைச்சதாமே, எங்ககிட்ட உங்க பேரைத்தான் சொன்னாங்க. பேசிப் பார்க்கச் சொல்லி ஒரு நம்பரும் கொடுத்தாங்க. அதை விட்டுட்டு, தொழில் டைரக்டரியில தேடி இந்த நம்பரை எடுத்தேன்" என்றார்.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதமாக அந்தப் பேச்சையே எடுக்காதவர் போனை வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேப்பர் பேனா எடுத்துக்குங்க சார். முதல்ல சரக்கு வாங்க ஒருத்தர் வந்திருப்பாரே, அவர்லேருந்து ஆரம்பிக்கிறேன்" என்றார்.